எடுக்காத யூனிட்டுக்கு என்ன கணக்கு?

2008 நவம்பருக்குப் பிறகு எங்கள் நூற்பாலையில் 'பீக் ஹவர்' என்றால் என்னவென்று தெரியாத ஆள் கிடையாது. கேன்டீனில் வடை போடுகிறவர் சாயங்காலம் ஆறு மணிக்குள் கிரைண்டரை அணைத்துவிடுவார். கேட்டில் இரண்டு விளக்கு எரிந்தால் ஒன்றை அணைக்கச் சொல்லி உள்ளேயிருந்து ஆள் வரும். மாலை 6 முதல் இரவு 10 வரை, உயரழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகள் தங்கள் அடிப்படைத் தேவையில் பத்து சதவீதத்துக்கு மேல் மின்வாரியத்திடமிருந்து எடுக்கக் கூடாது. அந்தப் பத்தும் விளக்குக்கும் காவலுக்கும்தான். மற்ற நேரத்தில் 40 சதவீத வெட்டு. மீறினால் அடுத்த மாத பில்லில் அது தனி வரியாக வந்து நிற்கும். அந்த வரியைப் பார்த்த முதலாளி நம்மைக் கூப்பிட்டு நிற்கவைப்பார்.

திருநெல்வேலிக்கு வடக்கே, மதுரைச் சாலையில் இருந்த அந்த ஆலையில் நான் எலக்ட்ரிகல் இன்சார்ஜ். பெயர்ப்பலகையில் அப்படி. உண்மையில் அந்த ஏழு வருடமும் நான் பார்த்த வேலை, எந்த நேரத்தில் எந்த மெஷினை நிறுத்துவது என்பதுதான். உலகத்தில் இதற்கு 'டிமாண்ட் ரெஸ்பான்ஸ்' என்று பெயர் வைத்து, நிறுத்துகிறவனுக்குக் காசும் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாங்கள் காசு வாங்காமலே செய்தோம். சரியாகச் சொன்னால், அபராதத்துக்குப் பயந்து செய்தோம்.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு ஆர் அண்ட் சி (ரெஸ்ட்ரிக்ஷன் அண்ட் கன்ட்ரோல்) என்று பெயர். மின்வாரியம் 2008 நவம்பர் முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தது. அதே மாதக் கடைசியில் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புதல் கொடுத்தது. தேவை ஏறிக்கொண்டே போனது, புதிய அனல் நிலையங்கள் சொன்ன தேதிக்கு வரவில்லை, காற்று சீசன் முடிந்தால் காற்றாலைகளும் கை கொடுக்காது. 2012-ல் மாநிலத்தின் பற்றாக்குறை 4,000 மெகாவாட் அளவுக்குப் போனது. சென்னைக்கு வெளியே வீடுகளிலேயே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் அது. ஆலைகளுக்கு 2014-ல் ஒரு தடவை தளர்த்தி, மறுபடி இறுக்கி, 2015-ல்தான் முழுதாக எடுத்தார்கள்.

இதில் எனக்கு உறுத்தியது வெட்டு இல்லை. பற்றாக்குறை என்றால் வெட்டத்தான் வேண்டும். உறுத்தியது 'பேஸ்'. நாற்பது சதவீதம் வெட்டு என்றால், எதில் நாற்பது? முந்தைய மாதங்களில் ஓர் ஆலை எடுத்ததை வைத்து அதன் அடிப்படைத் தேவை எவ்வளவு, அடிப்படை யூனிட் எவ்வளவு என்று நிர்ணயித்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் ஆலையில் அதற்கு முந்தைய வருடம்தான் ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன்களுக்கு எல்லாம் இன்வெர்ட்டர் டிரைவ் போட்டு, பழைய மோட்டார்களை மாற்றி, கம்ப்ரசர் லைனில் ஒழுகல் பார்த்து, பில்லைக் குறைத்திருந்தோம். எங்கள் பேஸ் சின்னது ஆகிவிட்டது. பக்கத்து ஊரில் அதே அளவு ஆலை. பழைய மோட்டாரும் திறந்துவிட்ட டேம்பருமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் பேஸ் பெரிசு. நாற்பது சதவீதம் கழித்த பிறகும் அவர்களிடம் எங்களைவிட அதிகம் மிச்சம் இருந்தது. வெட்டு வந்த பிறகு அவர்கள் டிரைவ் போட்டார்கள், சமாளித்தார்கள். முதலில் சிக்கனம் பண்ணியவனுக்குச் சிக்கனம் பண்ண எதுவும் மிச்சமில்லை.

இதை ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர். ஃபைலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க சொல்லுதது நியாயந்தான். ஆனா எடுக்காத யூனிட்டை நான் இந்த ஃபாரத்துல எந்தக் 'காலத்துல' எழுத? இதுல எடுத்த யூனிட்டுக்கு மட்டுந்தான் காலம் இருக்கு" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னதுதான் இந்தத் துறையின் மொத்தச் சிக்கலும். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியதும் கடைசியில் இதே காலத்தைப் பற்றித்தான்.

அதற்குப் போகும் முன்னால் ஆலைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். விதி எழுதுகிறவர்கள் பலரும் ஒரு ரிங் ஃப்ரேம் நிற்பதைப் பார்த்ததே கிடையாது.

ஒரு ஃப்ரேமில் ஆயிரம் ஸ்பிண்டிலுக்கு மேல் இருக்கும். கரண்ட் பட்டென்று போனால் ஸ்பிண்டில் வேகம் தாறுமாறாக இறங்கும், முறுக்கு ஏறிய நூல் சுருண்டுகொள்ளும், இழை அறும். கரண்ட் வந்ததும் சைடர் பெண்கள் ஒவ்வொரு இழையாகப் பிடித்துச் சேர்க்க வேண்டும். ஒரு ஃப்ரேம் மறுபடி ஒழுங்காக ஓட அரைமணி போய்விடும். அந்த அரைமணியில் வருவது பாதி கழிவுப் பஞ்சு. அதனால் ஆறு மணிக்கு மெயின் பிரேக்கரை இறக்கி நிறுத்துவது முட்டாள்தனம். நான் முதலில் எலக்ட்ரிகல்காரன் புத்தியில் ஒரு பட்டியல் போட்டேன்: ஃபேனை முதலில் நிறுத்து, அடுத்து கம்ப்ரசர், அதற்கடுத்து ப்ளோ ரூம், கடைசியாக ஃப்ரேம். ஸ்பின்னிங் மேஸ்திரி அண்ணாச்சி அதை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அப்போதே அறுபதை ஒட்டிய வயது.

"ஃபேனை நிப்பாட்டினா இருவது நிமிசம் தாங்கும் தம்பி. அதுக்கு மேல போனா ஈரம் எறங்கிரும். நூலு பட்டு பட்டுன்னு அறும்லா. ப்ளோ ரூமை வேணா ஒரு மணி நேரம் நிப்பாட்டுங்க. கேன்ல ஸ்லைவர் கெடக்கு, டிராயிங் அது பாட்டுக்கு ஓடும்."

"ஃப்ரேமு?"

"டாஃப் முடிஞ்ச ஃப்ரேமைத்தான் நிப்பாட்டணும். பாதியில நிப்பாட்டாதிய."

அடுத்த நாள் அவர் ஒவ்வொரு ஃப்ரேமின் தலைமாட்டிலும் சாக்பீஸால் ஒரு நேரம் எழுதினார். 4.50, 5.05, 5.15 என்று. காலையிலிருந்தே டாஃப் எடுக்கும், அதாவது நிறைந்த பாபினைக் கழற்றும், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, பாபின் நிறைந்து முடிவதெல்லாம் ஆறு மணிக்கு முந்திய ஒன்றேகால் மணி நேரத்தில் வரிசையாக விழும்படி செய்துவிட்டார். டாஃபர் பையன்கள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வண்டி தள்ளிக்கொண்டே வருவார்கள். டாஃப் முடிந்த ஃப்ரேம் அப்படியே நிற்கும். பேனல் ரூமில் நின்று மீட்டரைப் பார்த்தால் லோடு படிப்படியாக இறங்கிவரும். ஆறு அடிக்கும்போது விளக்கும் என் மேஜை ஃபேனும் மட்டும்தான். அறுந்த இழை என்று ஒன்று இருக்காது. இரவு பத்துக்கு மறுபடி ஏற்றுவதும் அதே மாதிரி படிப்படியாகத்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றினால் அந்த அரைமணிச் சராசரியில் மேக்சிமம் டிமாண்ட் தாண்டிவிடும், அதற்கு வேறு அபராதம்.

இந்தச் சாக்பீஸ் நேரத்தை எந்த மென்பொருளும் எனக்குத் தந்திருக்காது. டிமாண்ட் ரெஸ்பான்ஸ் பற்றிப் பேச வருகிற ஆலோசகர்கள் 'உங்கள் ஆலையில் பத்து நிமிடத்தில் எத்தனை கிலோவாட் குறைக்கலாம்?' என்று கேட்பார்கள். டாஃபுக்கு எத்தனை நிமிடம் பாக்கி என்பதைப் பொறுத்து அது இருநூறாகவும் இருக்கும், ஆயிரமாகவும் இருக்கும்.

ஓடியே தீரவேண்டிய ஆர்டர் இருந்தால் இரண்டு வழி: டீசல் அல்லது சந்தை. ஒரு லிட்டர் டீசலுக்கு எங்கள் ஜெனரேட்டர் மூன்றரை யூனிட் கொடுக்கும். லிட்டர் ஐம்பது ரூபாயைத் தொட்டபோது யூனிட் பதினாலு ரூபாய், ஆயிலும் பராமரிப்பும் தனி. 2013 ஜனவரியில் மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு டீசல் விலையைத் தனியாக ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மில் லாரியில் பேரலை ஏற்றிக்கொண்டு பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்ற ஆலைகள் இந்தப் பக்கம் ஏராளம்.

சந்தை என்றால் மின் பரிமாற்றச் சந்தை. 2008 ஜூன் மாதம்தான் இந்தியாவில் முதல் மின்சார எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. எங்கள் வெட்டுக்கு நாலு மாதம் மூத்தது. 2003 மின்சாரச் சட்டத்தின்படி 1 மெகாவாட்டுக்கு மேல் தேவை இருப்பவர்கள் திறந்த அணுகல் முறையில் வெளியே வாங்கலாம். சென்னையிலிருக்கும் மாநில மின்சுமை பகிர்வு மையத்தில் தடையில்லாச் சான்று வாங்கிவைத்துக்கொண்டு, நாளைக்கு வேண்டியதற்கு இன்று காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் விலை கேட்க வேண்டும். முதலில் மணிக்கு மணி. 2012-லிருந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், ஒரு நாளைக்கு 96 கட்டம்.

அந்த விலைக் கேட்புப் படிவத்தை நான் இன்றைக்கும் ரசிப்பேன். 'எனக்கு 800 கிலோவாட் வேண்டும்' என்று மட்டும் எழுத வேண்டியதில்லை. நாலு ரூபாய் வரைக்கும் 800, ஆறு ரூபாய் தாண்டினால் 500, எட்டு தாண்டினால் 200, பத்து தாண்டினால் வேண்டாம் என்று படிப்படியாக எழுதலாம். அதை எழுதத் தெரிய வேண்டுமானால் ஒரு யூனிட்டில் எவ்வளவு நூல் வருகிறது, அந்த நூலில் பஞ்சு விலையும் கூலியும் போக என்ன நிற்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நாற்பதாம் நம்பர் நூலுக்கு ஒரு விலை, அறுபதுக்கு வேறு. பஞ்சு விலை ஏறிய வாரத்தில் எங்கள் கேட்பு தானாகக் கீழே இறங்கும். அக்கவுண்டண்டும் மேஸ்திரி அண்ணாச்சியும் நானும் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து போடுகிற அந்தக் கணக்குதான் மொத்தச் சந்தையில் தேவைப் பக்கத்துப் பங்கேற்பின் சுத்தமான வடிவம் என்பேன். விலை ஏறினால் நான் வாங்கமாட்டேன், வாங்காததால் ஓடமாட்டேன். யாரும் எனக்கு பேஸ் கணக்கிட வேண்டாம். வாங்கியது எவ்வளவு என்று ரசீது இருக்கிறது.

தெற்கத்திக்காரனுக்கு அந்தச் சந்தையிலும் ஒரு முள் இருந்தது. தென்மண்டல கிரிட் அப்போது தனி அலைவெண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. வடக்கோடு தொடர்பெல்லாம் டி.சி. இணைப்புகள் வழியேதான். 2012 ஜூலைக் கடைசியில் வட இந்தியா இரண்டு நாள் அடுத்தடுத்து இருண்டபோது நமக்கு ஒன்றும் ஆகாததற்கும் அதுதான் காரணம். ஆனால் மின்சாரம் கொண்டுவரும் வழி குறுகல். வடக்கே யூனிட் மூன்று ரூபாய்க்குக் கிடக்கும். தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய எஸ்-2 பகுதியில் அதே நேரத்துக்கு எட்டு, பத்து, சில சாயங்காலம் அதற்கும் மேல். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் ஏறி நாடு முழுக்க ஒரே கிரிட் ஆனது. பேனல் ரூமில் அதற்கு முன் 49-ஐ ஒட்டி இறங்கிக் கிடந்த ஃப்ரீக்வென்ஸி மீட்டர் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். ஐம்பதிலிருந்து ஒன்று குறைந்தால் மோட்டார் வேகத்தில் இரண்டு சதவீதம் போச்சு. உற்பத்தியிலும் அவ்வளவு போச்சு. அந்த இரண்டு சதவீதத்துக்கு எந்தக் காலமும் கிடையாது, அது வேறு விஷயம்.

இனி காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியும் செங்கோட்டைக் கணவாய் வழியும் தென்மேற்குக் காற்று நுழையும்போது பணகுடி, ராதாபுரம், சுரண்டை, கயத்தாறு எல்லாம் சுற்ற ஆரம்பிக்கும். மே முதல் செப்டம்பர் வரை. எங்கள் ஆலைக்கும் காற்றாலைப் பங்கு உண்டு. உற்பத்தி வேளை வாரியாகப் பதிவாகும்: சி1 காலை உச்சம், சி2 மாலை உச்சம், சி4 பகல், சி5 இரவு. ஆடி மாதம் உற்பத்தியானதில் மிச்சத்தை வாரியத்திடம் 'பேங்கிங்' செய்துவைத்து, ஒரு பங்கைக் கட்டணமாகக் கழித்தது போக மாசி பங்குனியில் எடுத்துக்கொள்ளலாம்.

வெளியூர் நிபுணர்களுக்கு இந்த இடம்தான் பிடிபடுவதில்லை. ஆடியில் ஒரு சாயங்காலம் நான் 300 கிலோவாட் குறைத்தேன் என்று வையுங்கள். நான் எந்த மின்சாரத்தைக் குறைத்தேன்? அதே கம்பியில் வாரியத்துடையதும் வருகிறது, காற்றாலை யூனிட்டும் கணக்கில் ஏறுகிறது, எக்ஸ்சேஞ்சில் வாங்கியதும் சேருகிறது. காற்றாலை யூனிட்டைக் குறைத்திருந்தால் அது போய் பேங்கில் உட்கார்ந்துகொள்ளும். பிப்ரவரி மாதத்துச் சாயங்காலம் ஒன்றில், காற்றே இல்லாத நாளில், நான் அதை உரிமையோடு கேட்பேன். ஆடியில் குறைத்ததற்கு எனக்குக் காசு கொடுத்திருந்தால், வாரியம் தனக்குத் தேவையில்லாத நேரத்தில் காசு கொடுத்து, தேவையான நேரத்தில் என்னிடம் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். உண்மையில் ஆடி ராத்திரியில் கிரிட்டுக்கு வேண்டியது நேர்மாறானது. காற்று அளவுக்கு மீறி வரும்போது காற்றாலைகளை நிறுத்தச் சொல்வதைவிட, யாராவது லோடு ஏற்றினால்தான் நல்லது. குறைப்பதற்கு மட்டும் விலை வைத்த விதி நம் பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் தப்பான பக்கம் இழுக்கும்.

பாபநாசம் நீர்மின் நிலையத்தின் மின்சாரமும் நாம் கேட்ட நேரத்துக்கு வராது. 1944-ல் வந்த அந்த நிலையம் 32 மெகாவாட், சேர்வலாறு 20. நீர்மின் நிலையம்தானே, உச்ச நேரத்தில் திறந்துவிடலாமே என்று புதிதாக வருகிற பொறியாளர்கள் கேட்பார்கள். காரையாறு அணைத் தண்ணீர் திறப்பது கார், பிசான நெல் பருவங்களுக்கும் குடிதண்ணீருக்கும்; மின்சாரம் அதன் வழியில் கிடைப்பது. விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் மில் கட்டியதே ஆற்றின் விழு விசைக்காக. அந்தக் காலத்திலிருந்து இந்த ஆற்றங்கரையில் இயந்திரம் ஓடுவதும் நிற்பதும் வேறொருவர் அட்டவணைப்படிதான்.

அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011 மார்ச்சில் 745-ஆம் ஆணையைப் போட்டது. மொத்தச் சந்தையில் ஒரு யூனிட் உற்பத்தி செய்கிறவனுக்கு என்ன விலையோ, அதே விலையை ஒரு யூனிட் குறைக்கிறவனுக்கும் கொடு என்றது. அப்படிக் கொடுப்பதால் மற்ற நுகர்வோருக்கு மொத்தத்தில் லாபம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. உற்பத்தி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. சில்லறை மின்சாரம் மாநிலங்களின் அதிகாரம், மத்திய ஆணையம் அதில் கை வைக்கிறது என்றார்கள். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்று அதை மறுபடி செல்லுபடியாக்கியது.

அதிகார எல்லைச் சண்டை அங்கே முடிந்தது. எனக்கு அதைவிடப் பொருளாதாரக்காரர்கள் எழுப்பிய ஆட்சேபம்தான் மனதில் தைத்தது. ஹார்வர்டின் வில்லியம் ஹோகன் போன்றவர்கள் கேட்டது இது: ஒருவன் மின்சாரத்தை முதலில் வாங்கி, பிறகு திருப்பி விற்றால் சந்தை விலை கொடுக்கலாம், வாங்கவே செய்யாமல் 'வாங்கியிருப்பேன்' என்று சொல்கிறவனுக்கு முழு விலை கொடுத்தால் அவன் பில்லிலும் மிச்சம் பிடிக்கிறான், மேலே விலையும் வாங்குகிறான். எங்கள் காலை ஒன்பதரைக் கணக்கை நினைத்துக்கொண்டேன். நாங்கள் வாங்கித்தான் விற்க முடிந்திருக்கும்.

'வாங்கியிருப்பேன்' என்று சொல்வதில் என்னவெல்லாம் செய்யலாம் என்பதற்கு மெய்ன் மாநிலத்து ரம்ஃபோர்ட் காகித ஆலை உதாரணம். சொந்தமாக மின்சாரம் தயாரிக்கிற ஆலை அது. 2007-ல் பேஸ் நிர்ணயிக்கும் நாட்களில் சொந்த உற்பத்தியைக் குறைத்து கிரிட்டிலிருந்து அதிகமாக எடுத்தது. பேஸ் உயர்ந்தது. பிறகு வழக்கம்போல் சொந்த ஜெனரேட்டரை ஓட்டியது; புத்தகத்தில் அது குறைப்பாக ஏறி, காசு வந்தது. 2013-ல் ஒரு கோடி டாலர் அபராதத்தில் விவகாரம் முடிந்தது. படித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஜெனரேட்டர் இல்லாத நூற்பாலை நம் ஊரில் ஏது? பத்து நாள் டீசலை நிறுத்திவைத்து பேஸை ஏற்றச் சொன்னால் செய்து கொடுக்க நூறு பேர் இருக்கிறோம்.

இங்கே விதிகள் வந்துவிட்டன. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 துணைச் சேவை விதிமுறைகள், அவசரத்துக்கு மின்சாரம் கூட்டிக் குறைக்கும் வேலையில் உற்பத்தி நிலையங்களோடு சேமிப்புக் கலன் வைத்திருப்பவர்களையும் தேவையைக் குறைக்க முடிந்தவர்களையும் தனியாகவோ கூட்டாகவோ சேரவிடுகின்றன. குறைந்தது 1 மெகாவாட். காகிதத்தில் நல்ல விதி. கங்கைகொண்டானிலும் கோவில்பட்டியிலும் உள்ள நடுத்தர ஆலைகள் தனித்தனியாக அந்த 1 மெகாவாட்டை எட்ட முடியாது, நாலைந்து பேர் சேர வேண்டும். சேர்த்துக் கொண்டுபோகிறவர் யார், அவர் கணக்கை யார் சரிபார்ப்பது, ஓர் ஆலை டாஃப் நடுவில் இருந்து குறைக்க மறுத்தால் அபராதம் யாருக்கு? மத்திய ஆணையத்தின் சந்தைக்குப் போக மாநில மையத்தின் சான்று வேண்டும். மாநிலத்தின் பெரிய விற்பனையாளரோ, தன்னிடம் வாங்குகிறவன் வேறொருவருக்குக் 'குறைப்பு' விற்பதை ஏன் விரும்ப வேண்டும்?

அதைவிட நெருக்கமான தடை நம் பில்லிலேயே இருக்கிறது. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்கான கருத்துக் கேட்பு மதுரையில் நடந்தபோது நானும் போயிருந்தேன். ஆலைக்காரர்கள் எல்லாரும் யூனிட் விலையைப் பேசினார்கள். அது 6.35-லிருந்து 6.75 ஆனது, பெரிய தாவல் இல்லை. தாவியது டிமாண்ட் கட்டணம்: கே.வி.ஏ.வுக்கு 350-லிருந்து 550. எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதத்துக்குக் கட்டியாக வேண்டும். ஒருவன் மாலை நேரத்தில் ஆயிரத்திலிருந்து முந்நூறுக்கு இறங்கினாலும் அந்த வரியில் ஒரு பைசா குறையாது. உச்ச நேரக் கூடுதல் 20 சதவீதத்திலிருந்து 25 ஆனது, நேரமும் காலையும் மாலையும் நாலு நாலு மணி ஆனது. ஆக அப்போது உச்ச நேரத்தில் யூனிட் எட்டு ரூபாய் நாற்பத்து நாலு காசு ஆனது. எக்ஸ்சேஞ்சில் அதே நேரத்தில் விலை உச்சவரம்பில் போய் முட்டும். 2022-ல் அது 12 ரூபாய், பிறகு 10. மதியம் சோலார் வெயிலில் அங்கே இரண்டு மூன்றுக்கு இறங்கிக் கிடந்தபோது நாம் கட்டியது அதே 6.75. பகல் பன்னிரண்டுக்கு லோடு ஏற்றச் சொல்லி யாரும் நம்மிடம் விலையில் சொல்லவில்லை. உச்சம் என்று பில் சொல்லும் காலை ஒன்பதரை மணிக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கருத்துக் கேட்பில் நான் எழுதிக் கொடுத்த மனுவில் இரண்டே விஷயம் கேட்டேன். 1 மெகாவாட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு, முன்கூட்டி வாங்கியதுதான் பேஸ். நாளைக்கு இத்தனை என்று ரசீதோடு ஒப்பந்தம் செய், அதிலிருந்து குறைத்தால் சந்தை விலைக்குத் திருப்பி விற்றுக்கொள், கூட எடுத்தால் அதே விலைக்குக் கட்டு. போன வருடத்துப் பழக்கத்தைப் பார்க்காதே; பார்த்தால் சிக்கனம் பண்ணியவன் தலையில்தான் மறுபடி கை வைப்பாய். இரண்டாவது, உச்ச நேரத்தில் பதிவாகும் டிமாண்டுக்கும் மற்ற நேர டிமாண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

வெளியே வந்தபோது மானூர் பக்கத்து விவசாயி ஒருவர் பிடித்துக்கொண்டார். கிணற்றை நம்பிய பூமி அது. அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. 1990-லிருந்து பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம். இணைப்புகள் மாநிலத்தில் இருபது லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவற்றில் மீட்டர் கிடையாது. மும்முனை மின்சாரத்தை பகலில் இத்தனை மணி, ராத்திரி இத்தனை மணி என்று முறைவைத்துத் துணைமின் நிலையத்திலிருந்து விட்டார்கள், நிறுத்தினார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய் மோட்டார் போட்டவர்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை ஆயிரம் பேர். எங்கள் ஆலைகள் எல்லாம் சேர்ந்து குறைத்ததைவிடப் பெரிய குறைப்பு அது. இன்னும் செய்யவும் முடியும், மதிய சோலாருக்கு நேரத்தை மாற்றினாலே போதும். ஆனால் மீட்டர் இல்லாத இடத்தில் பேஸும் கிடையாது, ரசீதும் கிடையாது. பீடரில் ஒரு மீட்டர் இருக்கிறது, அதை வைத்து மொத்தமாகக் கணக்கிடலாம் என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சரி சார்வாள், கணக்குப் பாத்தாச்சு. ரூவாயை யார் பேர்ல போடுவாவ, பீடர் பேர்லயா?"